மூடி போட்ட வெள்ளை வாளிகள்

மூடி இறுக்கமாகப் பொருந்துகிற வாளியை எறிவதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது. ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மீன்குழம்பு இருக்கும். யோகட் வாளிக்குள் மிளகாய்த்தூள் இருக்கும். டேனிஷ்காரர் ஒருவர் எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால், இவர்கள் ஐஸ்கிரீமிலேயே உயிர் வாழ்கிறார்கள் என்று நினைப்பார். வாளிகளை வீட்டுக்குக் கொண்டுபோனதில் எனக்குக் கெட்ட எண்ணம் இருக்கவில்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் ஐயா, எனக்கு டேனிஷ் நன்றாக வரும். பத்து வயதில் இங்கே வந்தவள் நான். ஆனாலும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சுகாதார அதிகாரி அம்மையாரிடம் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். டேனிஷில் நான் எப்போதும் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வேன். தமிழில் என்றால் முழுவதும் வந்துவிடும் என்று நம்புகிறேன். நீங்கள் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து வந்திருக்கிறீர்கள், இங்கே ஓகூஸில் உள்ள எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. அது நல்லது. நான் வரிசையாகப் பேசுகிறவள். அப்படியிருந்தும் எங்கேயாவது முந்திப் பிந்திச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

பகலில் நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். மாலையில் ஆய்வுகூட உதவியாளருக்கான வகுப்பு. உணவில் இருக்கும் கிருமிகளைத் தேடிக் கண்டுபிடிக்கப் பழக்குகிற வகுப்பு அது. அந்த வசந்த காலத்தில் நாங்கள் தேடிய கிருமியின் பெயர் லிஸ்டீரியா. ஆசிரியை கியர்ஸ்டன் அதைப் பாலில் கலந்து தருவார். எந்தப் பாலில் இருக்கிறது, எதில் இல்லை என்று நாங்கள் சொல்லவேண்டும். சுகமாக இருப்பவர்களை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வயதானவர்களுக்குக் கூடாது. கர்ப்பிணிகள் இந்த அறைக்குள் வரக்கூடாது என்று கதவில் ஒரு மஞ்சள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் போகும்போது அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க என்னால் முடியாது.

வகுப்பு முடிந்ததும் மிஞ்சிய பாலையும் கிருமி வளர்த்த தட்டுகளையும் மூடியுள்ள வெள்ளை வாளிகளுக்குள் போட்டு ஓட்டோகிளேவுக்குள் வைப்போம். அது ஒரு பெரிய பிரஷர் குக்கர் மாதிரி. உள்ளே வெப்பம் ஏறினால் மட்டும் போதாது, ஏறிய வெப்பம் குறித்த நேரம் வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். வாளியில் வெளிறிய ஒட்டுநாடா ஒன்று, ரேப் என்போம், ஒட்டுவோம், சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடுகள் தோன்றும். கூடவே ஊதா நிறத் திரவம் உள்ள சின்னக் குப்பி ஒன்றையும் வைப்போம். அதற்குள் இலகுவில் சாகாத ஒரு கிருமி இருக்கிறது. பிறகு அந்தக் குப்பியை இளஞ்சூட்டில் வைத்து, அடுத்த வகுப்பில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஊதாவாகவே இருந்தால் எல்லாம் செத்துவிட்டது. மஞ்சளாக மாறினால் சாகவில்லை.

“ரேப் பொய் சொல்லாது. ஆனால் முழுவதையும் சொல்லாது,” என்பார் கியர்ஸ்டன். “குப்பியைத்தான் கேட்கவேண்டும்.”

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் பிந்தி நிற்கவேண்டும். மற்றவர்களுக்கு அது பிடிக்காது. நானாகவே முன்வந்து நிற்பேன். ‘ஹன்னா நின்றால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்’ என்று கியர்ஸ்டன் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். என்னைப் பற்றி இந்த நாட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயமும் வந்துவிட்டது.

இயந்திரத்திலிருந்து எடுத்த வாளிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போடவேண்டும். நல்ல தடித்த வாளிகள். ஒரு தரம் பாவித்துவிட்டு எறிவார்கள். நான் உள்ளே இருப்பதைப் பையில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோவேன். கொதித்த வாளிதானே, எங்கள் அடுப்படியில் இருக்கிற எதையும்விட அது சுத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பிழையும் இல்லை. ஒழுங்காகக் கொதித்த வாளிகளால் ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை.

அமலராணி அக்காவும் லோரன்ஸ் அத்தானும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா வன்னியில் அகப்பட்டுக்கொண்டார். இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு வைகாசி மாதம். அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா இருந்த இடத்தில் யாரோ ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. சனம் வரிசையில் நின்று கதைப்பார்கள். எங்களுக்கு அழைப்பு வந்தால் செவ்வாய்க்கிழமை மாலையில்தான் வரும். சில செவ்வாய்களில் வரும், சில செவ்வாய்களில் வராது. வீட்டுத் தொலைபேசியை நடுவில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். அந்த வருடத்தில் எங்களுக்கு நடக்கப்போகிற ஒரே நல்ல காரியம் அந்தப் பிள்ளைதான் என்று அத்தான் சொல்வார். நாங்கள் எல்லோரும் அக்காவின் வயிற்றைப் பார்த்தபடிதான் செய்தி கேட்டோம்.

அந்தச் செவ்வாய் இயந்திரம் சுணங்கிவிட்டது. அழைப்பு வருகிற நேரம் நெருங்கியது. வெப்பம் ஏறி முடிந்த கையோடு நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். வெப்பம் நிற்கவேண்டிய நேரம் வரைக்கும் நிற்கவில்லை. ரேப்பில் கோடுகள் கறுப்பாக வந்திருந்தன. குப்பியை எடுத்து இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்தேன், வாளியைக் கழுவினேன், பஸ்ஸுக்கு ஓடினேன். அழைப்பு வரவில்லை.

வாளியை ஏன் கொண்டுபோனாய் என்று இந்த அம்மையார் கேட்பார். சனிக்கிழமை நகரசபைக்கு முன்னால் எங்கள் சனம் கூடி நிற்பதாக இருந்தது. வருகிறவர்களுக்குக் கோதுமைப் பாணும் தேங்காய்ச் சம்பலும் கொடுக்கும் பொறுப்பை மேரிசெலின் அன்ரி எடுத்திருந்தார். எங்கள் தேவாலயச் சபையில் பாடுகிறவர் அவர், எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் சமைக்கிறவர். “பிள்ளை, உன்ர பள்ளிக்கூடத்து வாளி ஒண்டு கொண்டந்து தாவன். என்ர வாளியெல்லாத்துக்கும் மூடி துலைஞ்சு போச்சு,” என்று கேட்டிருந்தார். நானும் ஓம் என்றிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் நான். புதன்கிழமை காலையில் கொடுத்துவிட்டேன்.

வியாழன் வகுப்பில் குப்பியை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள்.

பயம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எனக்கு முதலில் காது அடைத்தது. கியர்ஸ்டன் பக்கத்து மேசையில் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார், வாய் அசைவதுதான் தெரிந்தது. புதுக் குப்பிகள் அலுமாரியில் இருக்கும். சூட்டில் வைக்காத குப்பி எப்போதும் ஊதாதான். நான் ஒன்றை எடுத்து, மஞ்சள் குப்பி இருந்த இடத்தில் வைத்தேன். கியர்ஸ்டன் வந்து பார்த்தார். “ஊதா. எப்போதும் போல, ஹன்னா,” என்றார்.

வீட்டுக்கு வந்து மேரிசெலின் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்காமல் இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“என்ன பிள்ளை? கெதியாச் சொல்லு, தேங்காய்ப்பூ உறைஞ்சு கல்லாக் கிடக்கு, அதை உடைச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“அன்ரி, அந்த வாளி...”

“வாளி தங்கம் போல வாளி. சம்பலை நாளைக்கே இடிச்சு அதுக்குள்ள போட்டு ஃபிரிட்ஜில வைக்கப்போறன். சனிக்கிழமை விடிய எனக்கு வேலையெல்லோ. அதுக்கென்ன?”

அதற்கு நான் என்ன சொல்வது? ‘அன்ரி, அது கிருமிக் குப்பை போட்ட வாளி, இவ்வளவு நாளும் நீங்களும் அக்காவும் சீனியும் மாவும் போட்டு வைத்திருப்பதும் அதே வாளிகள்தான்’ என்றா? அன்ரிக்குத் தெரிந்தால் சபைக்குத் தெரியும். சபைக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவரும். பரீட்சை கிட்டி வந்துகொண்டிருந்தது.

“நல்லாக் கழுவிப்போட்டுப் பாவியுங்கோ,” என்றேன்.

“நீ எனக்குக் கழுவப் படிப்பிக்கிறியோ? கொம்மா உனக்குக் கால் கழுவ முதல் நான் சட்டி கழுவினவள்,” என்று சிரித்தார்.

அவர் கழுவியிருப்பார், நானும் கழுவினேன். ஆனால் அந்த வாளி மூடியின் உள் விளிம்பில் மெல்லிய பள்ளம் ஒன்று சுற்றி ஓடுகிறது. விரல் போகாது.

சனிக்கிழமை குளிராக இருந்தது. நிறையப் பேர் வந்திருந்தார்கள். குணசேகரம் அண்ணை முதியவர், நெஞ்சு வருத்தக்காரர். அவரும் பதாகை பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேரி, சம்பல் இண்டைக்கு நல்ல உறைப்பு. கண்ணால தண்ணி வருது.”

“அதுக்குத்தான் அண்ணை அவ்வளவு செத்தல் மிளகாய் போட்டனான். பெரிய மனுசர் அழுறதுக்கும் ஒரு சாட்டு வேணுமெல்லோ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். நான் உபவாசம் என்றேன்.

“இவளைப் பாருங்கோ,” என்றார் மேரிசெலின் அன்ரி. “அங்க சனம் கஞ்சிக்கு வரிசையில நிக்குது எண்டு, வாயில பச்சைத் தண்ணி வையாமல் நிக்கிறாள். இதெல்லோ பிள்ளை.”

அக்கா என்னைப் பார்த்தாள். “அப்ப நானும் இண்டைக்குச் சாப்பிடாமல் இருக்கட்டோ?”

“உனக்கென்ன விசரே? நீ ரெண்டு பேருக்குச் சாப்பிடவேணும். வாயைத் திற.”

அன்ரி பாணைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து அக்காவுக்கு ஊட்டினார். அக்காவின் கைகள் குளிரில் விறைத்திருந்தன. அதனால் தட்டை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்பாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அத்தான் தொலைபேசியை நடுவிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அந்த நாட்களில் வாளியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்கள். எங்கள் ஆட்கள் யாரும் அந்த நாட்களில் வேறெதையும் நினைக்கவில்லை. ஆனால் நான் நினைத்தேன். அக்கா அழும்போதெல்லாம் அவளுடைய நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். ஆறுதல் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். நான் காய்ச்சல் பார்த்தேன்.

மாதம் முடிகிற நேரம் குணசேகரம் அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கழுத்து விறைத்து, நினைவு தப்பிவிட்டது என்றார்கள். அடுத்த நாள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அக்கா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

“ஹன்னா, எனக்கு முதுகெல்லாம் உளையுது. டாக்குத்தருக்கு ஒருக்கா ஃபோன் எடன். என்ர டேனிஷ் அந்த மனுசனுக்கு விளங்காது.”

நான் எடுத்தேன். அக்காவுக்குப் பக்கத்தில் கட்டிலில் இருந்துகொண்டுதான் எடுத்தேன். அந்த நேரம் ஊரெல்லாம் பன்றிக்காய்ச்சல் பேச்சு. டாக்டர் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். கர்ப்பிணி என்றும் சொன்னேன். பிறகு மிக நிதானமாகக் கேட்டார். அந்தக் கேள்வி சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவில் இருக்கிறது. “காய்ச்சாத பாலோ, பழுதான சாப்பாடோ, பல நாள் குளிரில் வைத்த ஏதாவதோ அண்மையில் சாப்பிட்டாரா? அவரோடு சேர்ந்து சாப்பிட்ட வேறு யாருக்காவது சுகமில்லையா?”

அது சரியான கேள்வி. அவர் நல்ல டாக்டர். ஓம் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டு ஊசி போட்டிருப்பார்கள். அதற்கு ஊசி இருக்கிறது. எந்த மருந்து என்றுகூட எனக்குத் தெரியும், வகுப்பில் படித்தது.

“என்ன கேக்கிறார்?” என்றாள் அக்கா.

“இருமல் இருக்கோ எண்டு கேக்கிறார்.”

“இல்லையெண்டு சொல்லு.”

“இல்லை,” என்று டாக்டரிடம் சொன்னேன்.

அப்படியானால் அந்தப் புதுக் காய்ச்சலாகத்தான் இருக்கும், வெளியில் போகாமல் வீட்டிலேயே இருக்கட்டும், காய்ச்சல் குறையாவிட்டால் திரும்ப எடுங்கள் என்றார். நான் அக்காவுக்குக் குளிசை கொடுத்தேன், மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன், வேலைக்கு விடுமுறை எடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன். அத்தான் அழுதார். “ஒரு தாய்கூட இப்பிடிப் பாக்கமாட்டா, ஹன்னா,” என்றார். திரும்ப எடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். சுணங்கச் சுணங்க அந்தக் கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போனது. தானாகக் குறைந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியத் தேவையில்லை. பலருக்கு அப்படிக் குறையும் என்றும் புத்தகத்தில் இருக்கிறது. காய்ச்சல் உண்மையாகவே குறைந்தது. நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பிள்ளை துடிக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

ஆண்பிள்ளை. அழவில்லை. ஆஸ்பத்திரியில் அவனைத் துடைத்து, பின்னிய தொப்பி ஒன்று போட்டு, அக்காவின் கையில் கொடுத்தார்கள். தாதி கிருமியின் பெயரைச் சொன்னபோது எங்களில் அந்தப் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

“ஒரு கிருமியாம். சாப்பாட்டில வாறதாம்.”

அக்கா யோசித்தாள். அவள் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் அப்படியே இருந்தேன். “சம்பலோ?” என்று கேட்டாள். “குணசேகரம் அண்ணையும் சாப்பிட்டவர். மேரிசெலின் அன்ரியின்ர சம்பலோ?”

ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மிச்சம், அம்மையாரே, உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் அன்ரியின் அடுப்படிக்குப் போனார்கள், பலகையையும் உரலையும் துடைத்து எடுத்துப் போனார்கள். வாளியை அதற்கு முன்பே நான் போய் வாங்கிவந்துவிட்டேன். கழுவித் தருகிறேன் என்று சொல்லி வாங்கினேன். சபையில் இப்போது அவருக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. “கையில ஊத்தையை வைச்சுக்கொண்டு எங்களுக்கு இவ்வளவு காலமும் சாப்பாடு தீத்தினவ” என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழும்படியாகவே சொல்லப்பட்டது. அவர் பாடுவதை விட்டுவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். அக்கா கதவைத் திறக்கவில்லை. நான் திறந்து, அக்கா நித்திரை என்று சொல்லி அனுப்பினேன். அவரிடம் நான் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை.

நான் ஏன் இப்போது வந்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடத்துக்கு உங்களிடமிருந்து கடிதம் வந்ததாகக் கியர்ஸ்டன் சொன்னார். பிள்ளையிடமிருந்து எடுத்த கிருமியையும் நகரத்து ஆய்வுகூடங்களில் இருக்கிற கிருமிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறீர்களாம். இரண்டும் ஒன்றென்றால் ஒன்றென்றே காட்டும், அதையும் எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். இருந்தாலும் நானாகவே வந்தேன் என்றே எழுதுங்கள். கடிதத்துக்கு முன்பும் வரத்தான் நினைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஒன்றைத் திருத்தவேண்டும். வியாழக்கிழமை குப்பியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று சொன்னேன். அது சரியில்லை. ஒழுங்காகக் கொதித்த பால் பழுப்பு நிறமாகிவிடும், தேத்தண்ணி மாதிரி. எத்தனையோ வாளிகள் அப்படிக் கொட்டியிருக்கிறேன். அந்தச் செவ்வாய் பையில் கொட்டும்போது பால் வெள்ளையாகவே விழுந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாளியைக் கழுவினேன். வேறு சுத்தமான வாளிகள் வீட்டில் இருந்தன, ஒன்றில் இருந்த மாவைக் கொட்டிவிட்டுக் கொடுத்திருக்கலாம். அதற்கு அக்காவிடம் ஒரு காரணம் சொல்லவேண்டியிருந்திருக்கும். ஆகவே, எந்த வாளியைக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் கொடுத்தேன். யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று தெரிந்துதான் தட்டைப் பிடித்தேன். டாக்டர் என்ன கேட்டார் என்று தெரிந்துதான் இல்லை என்றேன். மேரிசெலின் அன்ரி ஒன்றும் செய்யவில்லை. பிள்ளையைக் கொன்றது நான்.

இதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்துவிடுங்கள், ஐயா.

வெளியில் என்னுடைய மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பது அக்காதான். சம்பலைப் பற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன், தனியாகப் போகாதே என்று கூட வந்தாள். கதவைத் திறந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். நீங்கள் அவளோடு கதைக்கவேண்டாம். அவள் இன்னும் பலவீனமாக இருக்கிறாள், ஒன்றையும் தாங்கமாட்டாள். என்ன சொல்லவேண்டுமோ அதை நானே அவளுக்கு விளங்கப்படுத்துகிறேன்.